பசிப்பிணி தீர்த்த அறச்சாலைகள்

உயிர்கள் அநாதியே ஆணவமலத்தாற் கட்டுண்டு கிடக்கின்றன. அக்கட்டினை நீக்குதற்பொருட்டு முதல்வன் தன் பேரருளினாலே தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் மாயையினின்றுந் தோற்றுவித்து உயிர்கட்குக் கூட்டியருளினான் என்பது சைவசித்தாந்த நூல்களின் துணிபு. ஆகவே உடம்பு உயிர்க்குப் பகையன்று. இருளிடைக் கிடக்கும் உயிர்க்கு இறைவன் ஏற்றிக் கொடுத்த விளக்கு அது. அவ்விளக்கிற்கு நெய்யாவது உணவு. உணவு குன்றியவிடத்துக் கண் மங்கும், செவி அடைக்கும், நினைவு தடுமாறும், நாணும் மானமும் நீங்கும், ஈன்ற தாயும் மகவை வெறுப்பாள். பசியால் வாடினானொருவன் நாவில் திருவைந்தெழுத்தும் நிலைபெற நில்லாது. இறைவன் உயிர்களின் ஈடேற்றங் கருதிக் கொடுத்த கருவி பசியென்னுந் தீயால் அழிந்துபடுமாயின், அதனைக் காத்தல் அவன் திருவருட் செயலுக்குத் துணைநிற்றலேயாம். முன்னோர் சோறிடுதலைச் 'சோற்றுக்கொடை' என்றதனோடு அமையாது 'அன்னம் பாலிப்பு' எனவும் வழங்கினமை இக்கருத்துப் பற்றியே. பாலித்தல் என்பது காத்தல்.

இவ்வாறாகவும், "பசித்தார்க்குச் சோறிடுதல் உலகியலறமே, அது பசுபுண்ணியத்தின்பாற்படும், வீட்டுநெறிக்குப் பயன்படுஞ் சிவபுண்ணியமன்று. சைவ மடங்களுக்குரியது மாகேசுரபூசை ஒன்றே, ஏழைகளின் பசியையும் நோயையும் பற்றிக் கவலுதல் அரசாங்கத்தார்க்கும் பிற தருமசங்கத்தார்க்கும் உரியது" என்று கூறுவாருமுளர். இக்கூற்று நூற்கருத்தோடும் நாட்டு வரலாற்றோடும் பொருந்துமா என்பதை ஆராய்தல் இக்காலத்து இன்றியமையாததாகும்.

புராணங் காட்டும் நெறி

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அருளிச்செய்யப்பட்ட திருத்தொண்டர் புராணத்தில் அன்னம் பாலித்த அடியார் பலர் காணப்படுகின்றனர். அவருள் மூவர் வரலாறு ஈண்டைக்குப் போதும்.

இளையான்குடிமாற நாயனார் செல்வம் முழுதும் அடியார்க்கு அமுதளித்தே வறியராயினார். மழை பொழியும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வர, அன்று பகல் வயலில் விதைத்த நெல்முளையை வாரிக் கொணர்ந்தும், வீட்டின் கூரைக்கழிகளை அறுத்து விறகாக்கியும், கொல்லையில் முற்றாத சிறுபயிரைப் பறித்துக் கறிக்குக் கொடுத்தும் அமுது சமைப்பித்தார். அம்மையார் அக்கீரை ஒன்றையே பலவகைக் கறியாக ஆக்கினார் எனச் சேக்கிழார் கூறுதல் கருதத்தக்கது. விருந்தினர்க்கு வெறுஞ்சோறு மாத்திரம் இடுதல் அவர்க்கு உடன்பாடன்று. இல்லாத வீட்டிலும் கறி வேண்டும் என்பது அவர் கொள்கை.

இரண்டாவது, திருவீழிமிழலையில் நிகழ்ந்தது. ஏழாம் நூற்றாண்டில் மழை பொய்த்து நாடு வற்கடத்தால் வருந்தியபோது, திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அத்தலத்தில் தனித்தனியே திருமடம் அமைத்திருந்தனர். இறைவன் நாள்தோறும் பீடத்தில் ஒவ்வொரு பொற்காசு வைத்தருள, அதனைக் கொண்டு பறையறைவித்து அடியார்களை அழைத்து அமுதூட்டினர். அரசர் பெற்ற காசு வட்டமின்றி மாறியது. பிள்ளையார் பெற்ற காசுக்கு வணிகர் வட்டம் கேட்டனர். அதனால் பிள்ளையார் மடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. அடியார் காத்திருத்தலைப் பொறாத பிள்ளையார் அதன் காரணத்தை வினவி அறிந்து, வாசி தீர்ந்த காசு வேண்டிப் பதிகம் பாடினார். சோறிட்டாற் போதாது, உரிய வேளையில் இடவேண்டும் என்பதும், தாழ்வு நேர்ந்துழி அதன் காரணத்தை ஆராய்ந்து நீக்கவேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும். மழை பெய்து விளைவு மிகுங்காறும் அக்காசு நின்றிலது என்பதும் நோக்கத்தக்கது. ஒருநாள் விருந்தாகாமல், பஞ்சம் நீங்குமளவும் தொடர்ந்து நிகழ்ந்த அறமாகும் அது.

மூன்றாமவர் திங்களூர் அப்பூதியடிகள். இவர் திருநாவுக்கரசர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தரும் பிறவும் அமைத்தார். முன்னைய இருவகையிலும் அமுது செய்தவர் அடியார் என்பது உண்மையே. ஆயின் வழியிடை வைத்த தண்ணீர்ப்பந்தரில் நீருண்பாரைச் சமயம் வினவுவார் யார்? வெயிலால் வருந்தி வந்தார் எல்லார்க்கும் அந்நிழல் பொது. அடியார்பெயரால் வைத்த அறம் அனைவர்க்கும் பயன்படலாம் என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டுவதின்று.

அருணந்திசிவாசாரியார் சிவஞானசித்தியாரில், ஈசனிடத்து அன்பும், அடியாரிடத்து அன்பும், எவ்வுயிரிடத்தும் அன்பும், தம்மிடத்து அன்பும் ஒன்றையொன்று தொடர்ந்து நிற்பன எனவும், முதலாவது இல்லார்க்கு ஏனையவும் இல்லை எனவும் உணர்த்தினார். எவ்வுயிரிடத்துஞ் சிவம் நிறைந்து நிற்றலை உணர்ந்து செய்யும் உபகாரம் சிவபுண்ணியமேயாம். அவ்வுணர்வின்றிப் புகழ் விரும்பியும் சுவர்க்க போகம் விரும்பியுஞ் செய்யும் உபகாரமே பசுபுண்ணியம் ஆகும். மாகேசுரபூசையும் புகழ் கருதிச் செய்யப்படின் பசுபுண்ணியமாய்ப் போதலையும் மறுத்தல் இயலாது. வேறுபாடு உண்பாரைப் பற்றியதன்று. ஊட்டுவார் உணர்வினைப் பற்றியது.

கல்லெழுத்துச் சான்றுகள்

புராணத்திற் கண்ட அறம் அரசர் காலத்தில் நிலைபெற்ற நிறுவனமாயிற்று. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்கள் பலவற்றில் அன்னம் பாலிப்புக்கென விடப்பட்ட நிலமும் பொன்னும் குறிக்கப்படுகின்றன. மடங்களுக்கு விடப்பட்ட நிலம் மடப்புறம் எனப் பெயர் பெற்றது. இன்ன விழாநாளில் இத்துணைப் பேர்க்கு உணவு, அதற்கு அரிசி இவ்வளவு, நெய், தயிர், பருப்பு, கறி, உப்பு, மிளகு இவ்விவ்வளவு என நாழியும் உழக்கும் ஆழாக்கும் பிழையாது வரையறுக்கப்படுதல் காணலாம். இவ்வரையறை உலோபத்தால் வந்ததன்று. பின்வருவார் நெய்யைக் குறைத்தலும் தயிரை நீராக்கலுஞ் செய்யாவண்ணம் கல்லில் வெட்டுவித்த காவல் அது. சந்திராதித்தவரை செல்வதாக என்று முடித்ததும் அதுபற்றியே.

காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனது கல்வெட்டு பதினோராம் நூற்றாண்டினது. கோயில் வைணவக் கோயிலாயினும் அக்கல்வெட்டிற் காணப்படும் ஏற்பாடு எச்சமயத்தார்க்கும் முன்மாதிரியாவது. வேதமுதலியன கற்கும் மாணவர்க்கு உணவும் உறையுளும், 15 படுக்கைகளையுடைய வீரசோழன் என்னும் ஆதுலசாலையும் அங்கு இருந்தன. மருத்துவர், அறுவை செய்வார், மருந்துக்கு வேரும் தழையும் கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்குத் தனித்தனியே ஊதியம் வகுக்கப்பட்டது. கோயில், கல்விச்சாலை, மடைப்பள்ளி, மருத்துவசாலை என்னும் நான்கும் ஒரே நிவந்தத்தில் அடங்கின. உணவும் மருந்தும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என முன்னோர் கொண்டமைக்கு இது சான்று.

தஞ்சைச் சத்திரங்கள்

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் காலத்தில் இராமேச்சுரத்துக்குச் செல்லும் பெருவழியில் சத்திரங்கள் பல எழுந்தன. இவை பெரும்பாலும் அரசமாதேவியர் பெயரால் அமைந்தவை. இரண்டாஞ் சரபோசி மன்னர் முத்தாம்பாள் பெயரால் ஒரத்தநாட்டில் 1802ஆம் ஆண்டளவில் அமைத்த சத்திரம் அவற்றுட் சிறந்தது. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பினியார் கைக்கு மாறியபோது, அரசர் தமக்காக வேண்டிக்கொண்டவற்றுள் இச்சத்திரங்களின் பாதுகாப்பும் ஒன்று. 1801ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் தஞ்சை ரெசிடெண்டாகிய பெஞ்சமின் டாரின் என்பார்க்கு விடுத்த திருமுகத்தில் சத்திரங்களின் நடைமுறை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அதன் சாரம் வருமாறு.

வழிச்செல்வோர் எக்குலத்தவராயினும் எவ்வகை யாத்திரிகராயினும் அவர்க்குச் சோறு வழங்கப்படும். சமைத்த சோறு கொள்ளாதார்க்கு அரிசியும் சம்பாரமும் பண்டமாக அளிக்கப்படும். இவ்வழங்கல் நள்ளிரவு வரை நிகழும். பின்னர் மணியடித்து, உண்ணாதார் எவரேனும் உளராயின் வருக எனக் கூவி அழைக்கப்படும். சத்திரத்தில் ஆசிரியரும், நோய் தீர்க்கவும் நச்சுயிர்க்கடி நீக்கவும் வல்ல மருத்துவரும் இருப்பர். ஆங்கு வந்து சேரும் அநாதைச் சிறார் ஆசிரியர்பால் ஒப்படைக்கப்படுவர். அச்சிறார்க்கு நாள்தோறும் மூன்று வேளை உணவும், நான்கு நாட்கொருமுறை எண்ணெய் முழுக்கும், உடையும், வேண்டியபோது மருந்தும், தாம் விரும்பிய கலையிற் பயிற்சியும் உண்டு. வழியில் நோயுற்றார்க்கு மருந்தும் அந்நோய்க்கேற்ற பத்திய உணவும், நோய் நீங்குமளவும் அன்பான பணிவிடையும் உண்டு. கருவுற்றுச் சத்திரத்தில் மகப்பெறும் மகளிர்க்கு உரிய மருந்தும் உணவும், கைக்குழந்தைகட்குப் பாலும் உண்டு.

இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். பசித்தார் அனைவர்க்கும் ஒரே சோற்றையிட்டு ஒழிதல் இங்கு இல்லை. சிறார்க்கு மூன்று வேளை, நோயாளர்க்குப் பத்தியம், பிள்ளைபெற்றாட்குத் தனியுணவு, குழந்தைக்குப் பால் என உண்பாரின் உடல்நிலை ஆராய்ந்து உணவு வகுக்கப்பட்டது. நள்ளிரவு மணியோ, கேட்கக் கூசி ஒதுங்கினாரையும் தேடியழைக்கும் ஈரமுடையது. இக்காலத்துத் தருமசங்கங்கள் தாயையும் சேயையும் முதன்மையாக வைத்து நடத்தும் உணவுத்தொண்டு இந்நாட்டார்க்குப் புதுவதன்று.

1855ஆம் ஆண்டில் அரசமரபு முடிவுற்றபின் இச்சத்திரங்கள் அரசாங்க மேற்பார்வைக்கு உட்பட்டன. நாளடைவிற் பலவற்றுட் கட்டடம் நின்றது, அடுப்பு அவிந்தது. நிலமும் கல்லும் மாத்திரம் ஓர் அறத்தைக் காவா என்பதும், அதன் கருத்தை உணர்ந்து நடத்துவார் வழிவழித் தோன்றுதல் வேண்டும் என்பதும் இதனால் அறியற்பாலன.

தருமச்சாலையும் கஞ்சித் தொட்டியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசர் துணையின்றி, அடியார் ஒருவரின் இரக்கமே முதலாக எழுந்தது வடலூர்ச் சத்திய தருமச்சாலை. இராமலிங்க அடிகள் 1823ஆம் ஆண்டு மருதூரில் தோன்றியவர். வடலூர்ப் பகுதியினர் பலர் ஒருங்கு கையொப்பமிட்டு ஏறத்தாழ 80 காணி நிலத்தை அளித்தனர். பிரபவ ஆண்டு வைகாசித் திங்கள் 11ஆம் நாள், அஃதாவது 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், சாலை தொடங்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அவியாது எரிகின்றது. நாள்தோறும் வந்தார்க்கெல்லாம் உணவு அளிக்கப்படுகின்றது. அடிகள் ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் பசியால் உடம்பும் கரணங்களும் படும் பாட்டினை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கரிசலாங்கண்ணி, தூதுளை, முசுமுசுக்கை முதலியவற்றின் பயன் கூறி, மூலிகை பலவற்றின் குணங்களையும் தொகுத்து வைத்தார். தருமச்சாலையோடு வைத்தியசாலையும் சாத்திரசாலையும் பிறவும் அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்தாக இருந்தது. திருமுக்கூடலிற் கண்ட உணவு, மருந்து, கல்வி என்னும் மூன்றன் சேர்க்கையே மீண்டும் அடிகள் உள்ளத்துத் தோன்றிற்று.

1876ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. தாதுவருடப் பஞ்சம் என இன்றும் வழங்கும் பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தையும் தக்கணத்தையும் பற்றி 1878 வரை நின்றது. மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்துக்கு மேற்படும் என்பர். அவ்வாண்டுகளிலேயே யாழ்ப்பாணத்திலும் உணவு முட்டுப்பாடும் வாந்திபேதியும் மக்களை வருத்தின. ஆண்டு முதுமையெய்தியிருந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் பொருளுடையாரிடம் நிதி வேண்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். நூற்பதிப்பு, கல்விச்சாலை, புராணப்பிரசங்கம் என்னுந் தொண்டுகளிற் காலங்கழித்த அப்பெரியார், ஏழைகளின் பசியைத் தம் தொண்டின் எல்லைக்குப் புறம்பானதென எண்ணினாரல்லர்.

இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருமுறையோடொப்ப அருட்பா எனல் தகுமா என்பது பற்றி நாவலரவர்கட்கும் அடிகள் சார்பினர்க்கும் எழுந்த பெரும்பிணக்கு யாவரும் அறிந்தது. ஈண்டு அவ்வழக்கினுட் புகுதல் வேண்டா. நூல் பற்றி மாறுபட்ட இருவரும் பசித்தார்முன் ஒரே செயல் செய்தனர் என்பதே ஈண்டைக்கு வேண்டுவது. ஒருவர் வடலூரில் அடுப்பு மூட்டினார். ஒருவர் யாழ்ப்பாணத்தில் கஞ்சி வார்த்தார். சோறிடுதல் சைவர் கடமையன்றென்பார் இவ்விருவருள் எவரையுந் தமக்குச் சான்றாகக் காட்டுதல் இயலாது.

உணவின் அளவும் தன்மையும்

அதே பஞ்சம் மற்றொரு பாடமும் கற்பித்தது. 1877ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்திய அரசாங்கத்தாரால் அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், பஞ்சவேலை செய்யும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் அதன்மேற் சிறு காசுமே போதும் என வரையறுத்தார். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரியாக விளங்கிய மருத்துவர் கார்னிஷ் அதனை வன்மையாக மறுத்தார். உழைக்கும் உடம்புக்கு ஒன்றரை இராத்தல் தானியமேனும் வேண்டும் என்றும், அதனோடு பருப்பும் காய்கறியும் இன்றியமையாதன என்றும் எடுத்துக்காட்டினார். மடிந்தோர் தொகை பெருகியபின் அக்கூலியளவு உயர்த்தப்பட்டது. உயிர்போகாமல் நிறுத்துஞ் சோறு வேறு, உடம்பை வளர்க்கும் உணவு வேறு என்பது பல்லுயிர்களின் விலையில் அறியப்பட்ட உண்மை.

பின்னர் 1918ஆம் ஆண்டில் குன்னூரில் மருத்துவர் மெக்காரிசன் தலைமையில் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியது. அதுவே நாளடைவில் உணவாராய்ச்சி நிலையமாய் வளர்ந்து 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இந்நாட்டுப் பல பகுதியினர் உண்ணும் உணவு வகைகளை எலிகட்கு ஊட்டி ஆராய்ந்தபோது, கோதுமையும் பாலும் பருப்பும் கீரையுஞ் சேர்ந்த உணவுண்டவை வலிமையுற்றன. வெள்ளரிசியே மிகுந்த உணவுண்டவை மெலிந்து நோயுற்றன. அரிசியின் உயிர்ச்சத்து தவிட்டின்கண் உள்ளது. ஆலையில் தீட்டி வெளுத்த அரிசியில் அது நீங்கிவிடும். நெல்லை அவித்துக் குற்றும் புழுங்கலரிசியில் அச்சத்து ஓரளவு உள்ளே ஊறி நிற்கும். கைக்குத்தலும் புழுங்கலும் ஏழைகளின் உணவென இகழ்ந்தார் நோயை விலைக்கு வாங்கினர்.

பள்ளிச்சிறார்க்கு உணவளித்தல் சென்னை நகராட்சியில் தியாகராயச் செட்டியார் தலைமையில் 1920ஆம் ஆண்டில் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிற்று. 1956ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, ஊரார் நன்கொடையுந் துணையாக, அது மாகாணமெங்கும் பரவியது. 1982ஆம் ஆண்டில் ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் விரிவுற்றது. 2002ஆம் ஆண்டு முதல் அறநிலையத்துறையின் கீழுள்ள திருக்கோயில்களில் நாள்தோறும் அன்னதானம் நடைபெற்று வருகின்றது. இவையெல்லாம் மகிழத்தக்கனவே. எனினும் 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி இந்திய நாட்டு மகளிருள் நூற்றுக்கு 57 பேரும், ஐந்தாண்டு நிரம்பாத குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேரும் குருதிச்சோகை உடையர். வயிறு நிரம்பியும் குருதி வற்றுகின்ற பசி இது. முன்னைப் பஞ்சத்தைப் போல் இது கூக்குரலிட்டு வாராது. அதனாலேயே காணப்படாது தங்கிவிடுகின்றது.

முடிபு

இதுகாறுங் கூறியவாற்றால் விளங்குவன இவை. பசித்தார்க்கு அன்னம் பாலித்தல் சைவ நெறிக்குப் புறம்பன்று. சிவம் எங்கும் நிறைந்துள்ள தன்மையை உணர்ந்து செய்யின் அது சிவபுண்ணியம். அவ்வறம் ஒருநாள் ஆரவாரமாக இல்லாமல், திருவீழிமிழலையிற் போலத் தொடர்ந்தும் வேளை தவறாமலும் நிகழ்தல் வேண்டும். கல்வெட்டுக்களிற் போல அளவு பிறழாமலும், தஞ்சைச் சத்திரங்களிற் போல உண்பாரின் நிலையறிந்தும் செய்யப்படுதல் வேண்டும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் பெரும்பாலும் உணவினைப் பற்றியே பேசினார். அவ்வழி நின்று, மடங்களிலும் திருக்கோயில்களிலும் அன்னம் பாலிக்கும் அன்பர்கள் ஒன்று செய்தல் கூடும். விழாநாட்களில் இனிப்புக்கும் நெய்யொழுகும் பண்ணியத்துக்குஞ் செலவிடும் பொருளில் ஒரு கூற்றினை ஒதுக்கி, நாள்தோறும் வழங்கும் உணவிற் கீரையும் பருப்பும் தவிடு நீங்காத அரிசியும் கேழ்வரகுஞ் சேர்ப்பாராக. பந்தியில் முதலிடத்தைக் கருவுற்ற மகளிர்க்கும் சிறார்க்கும் முதியோர்க்கும் அளிப்பாராக. பந்திக்கு வர இயலாது குடிசையிற் கிடக்கும் நோயாளரைத் தேடிச் சென்று கஞ்சியேனும் கொடுப்பாராக. மாகேசுரபூசைக்கு இதனாற் குறை நேராது. இளையான்குடிமாறனார் அடுக்களையிற் கொல்லைக்கீரைக்கு இருந்த பெருமை இன்று நம் அன்னசாலைகட்கும் வரும்.

நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதார் உளரோ என அழைத்த நாடு இது. அவ்வழைப்பு ஒருகாலும் ஓயாதிருப்பதாக.

திருச்சிற்றம்பலம்